தொட்டால்தான் மாறும் திரை

மாரீஸ்வரி என் கடைசித் தம்பி சுருளியாண்டிக்கு ஒரே மகள். எங்கள் வீட்டில் நான் மூத்தவள். எனக்கு அடுத்து மலைச்சாமி. அவனுக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதற்கப்புறம் வந்தவன் சுருளியாண்டி. என்னைத் தேவதானப்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். தம்பிமார் இருவரும் கடமலைக்குண்டிலேயே இருந்துகொண்டார்கள். சுருளியாண்டியும் பஞ்சம்மாளும் வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, இனிமேல் எங்கே என்று ஊரே விட்டுவிட்ட பிறகு பிறந்தவள் இவள். அதனால் அவன் அவளைத் தரையில் விடாமல் வளர்த்தான். தேனியில் தங்க வைத்துக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தான். படிப்பு முடிந்ததும் பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடியில் நடக்கிற சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கடைக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் திரை எழுதிக் கொடுக்கிற வேலை.

"திரை எழுதுறதுன்னா என்னத்தா?" என்று ஒருதரம் கேட்டேன்.

"நீங்க போன்ல ஒண்ணத் தொட்டா அது மாறுதுல்ல அத்தை? தானா மாறாது. மாறச் சொல்லி ஒருத்தி உள்ள உக்காந்து எழுதியிருக்கணும். அந்த ஒருத்தி நான்."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

எங்கள் அய்யா காலமாகும்போது நிலத்தைப் பிரித்தார், கிணற்றைப் பிரிக்கவில்லை. மேலப்பங்கு மலைச்சாமிக்கு, கீழப்பங்கு சுருளியாண்டிக்கு, கிணறு இருவருக்கும் பொது. மோட்டார் மட்டும் ஆளுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஊற்று தாங்காது என்பதால் ஒரு நாள் அவன் முறை, ஒரு நாள் இவன் முறை. முறை முடிந்தவன் மற்றவன் வீட்டு வாசலுக்கு வந்து, "கிணறு உங்களது" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுத்தவன் மோட்டார் ஓடுகிறபோது, அது தன் முறை நாளே ஆனாலும், தன் மோட்டாரைப் போடக் கூடாது. ஓட்டுகிறவன் நிறுத்தும்வரை பொறுக்க வேண்டும். இது அய்யா வைத்த முறை. இருவரும் முடி நரைக்கும்வரை அதில் ஒரு சொல் வந்ததில்லை.

மலைச்சாமிக்கு முட்டி தேய்ந்துபோனது. தோட்டத்துக்கு நடக்க முடியவில்லை. சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்ததால் பாத்தி கட்ட ஆள் தேவையில்லை, மோட்டாரை மட்டும் போட்டு நிறுத்தினால் போதும். மாரீஸ்வரிதான், "பெரியப்பா, நீங்க வீட்டுல உக்காந்தே ஓட்டலாம்" என்றாள். இரண்டு மோட்டாருக்கும் சிம் போட்ட பெட்டி வைத்தாள். சுருளியாண்டி தன் போனிலிருந்து ஓட்டிக்கொள்வான். மலைச்சாமிக்கோ கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கம்பெனியில் கழித்துப் போட்ட டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டுக் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிக் கொடுத்தாள். அதில் இரண்டே வரி. மேலப்பங்கு, கீழப்பங்கு. பக்கத்தில் ஓடுகிறது என்றோ நின்றது என்றோ போட்டிருக்கும். கீழே மலைச்சாமி மோட்டாருக்கு ஒரு பொத்தான். இதையெல்லாம் அவள் ஜாவாஸ்கிரிப்ட் என்கிற மொழியில், அதற்கென்று இருக்கும் ஒரு ஃபிரேம்வொர்க்கை வைத்து எழுதினாள்.

திரை வந்தபிறகு வாசலில் வந்து சொல்லுகிற வழக்கம் நின்றுபோனது. திரைதான் சொல்கிறதே, பிறகு எதற்கு என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

மலைச்சாமி பெண்டாட்டி அய்யம்மாளுக்கு அந்தத் திரைமேல் ஏகப்பட்ட பெருமை. ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டாள். வருகிற பிள்ளைகள் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. பொத்தானை அழுத்த மலைச்சாமி மட்டும்தான் தொடுவான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பழைய வேட்டித் துணியால் அய்யம்மாள் அதைத் துடைப்பாள். விளக்கைத் துடைப்பது போல, சாமி படத்தைத் துடைப்பது போல, அதையும்.

அடுத்த சித்திரையில் மும்முனைக் கரண்டு வருகிற நேரம் மாறியது. காலையில் கொஞ்ச நேரம், பிறகு சாயங்காலம் என்று ஆனது. வெயிலும் அந்த வருசம் கடுமை. அப்போதுதான் மலைச்சாமி முகம் மாற ஆரம்பித்தது. தன் முறை நாளில் காலையில் எழுந்து திரையைப் பார்ப்பான். கீழப்பங்கு ஓடுகிறது என்று இருக்கும். நிறுத்தட்டும் என்று காத்திருப்பான். காலைக் கரண்டு போய்விடும். அய்யம்மாள் விளக்கு வைக்கும்போது துடைத்துவிட்டு, "இப்பத்தான் நிறுத்தியிருக்கான் உங்க தம்பி" என்பாள். இப்படி ஒரு முறை, இரண்டு முறை, பிறகு முறைக்கு முறை. தோட்டத்தில் கத்தரிக் கன்றுகள் தலை தொங்கின.

ஒரு வார்த்தை தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அய்யம்மாள் ஒரு எட்டு போய்க் கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். "திருட்ட எட்டிப் பாக்கப் போற அளவுக்கு நாம கேவலப்பட்டா போயிட்டோம்? அவனா வந்து சொல்லட்டும்" என்று இவன் தடுத்துவிட்டான். கோயம்புத்தூரில் மில் வேலையிலிருந்த அவன் மகன் சூரியபிரகாஷ் லீவில் வந்திருந்தான். முறை நாள் காலையில் அவனை விட்டுத் திரையைப் போட்டோ பிடிக்கச் சொன்னான் மலைச்சாமி. அன்றைக்கே பங்காளிகளுக்குச் சொல்லிவிட்டுக் கருப்பசாமி கோயில் முன்னால் சபையைக் கூட்டிவிட்டான். டேப்லெட்டையும் உறையோடு கழற்றிக் கொண்டுவரச் சொன்னான். எனக்கும் ஆள் வந்தது. மூத்தவள் இருக்க வேண்டும் என்று.

"நான் ஒண்ணும் வாயால சொல்லல. இந்தா போட்டோ. இன்னைக்குக் காலையில, எம் முறையில பிடிச்சது. என்ன போட்டிருக்குன்னு வாசிங்கய்யா."

பங்காளி ஒருவர் வாங்கி வாசித்தார். "கீழப்பங்கு. ஓடுகிறது."

சுருளியாண்டி எழுந்து நின்றான். "அண்ணே, நான் நேத்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கே நிறுத்திட்டேன். இன்னைக்குக் கிணத்துப் பக்கமே போகல. அந்தக் கருப்பன் அறிய..."

"கருப்பன் அறியிறது இருக்கட்டும்லே. மிஷினு அறியுது பாரு. செஞ்சு கொடுத்தது யாரு? உம்மக."

ஓரத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த நேரத்தில்தான் மாரீஸ்வரி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து சேர்ந்தாள். அப்பனுக்கு என்னவோ என்று பஞ்சம்மாள் போன் போட்டிருக்கிறாள். மூச்சு வாங்க வந்தவளிடம் டேப்லெட்டைக் கொடுத்தார்கள். அப்போதும் அதில் கீழப்பங்கு ஓடுகிறது என்றுதான் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, பழக்கத்தில் ஒரு விரலால் திரையைத் தொட்டாள்.

ஓடுகிறது என்பது நின்றது என்று மாறியது.

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"பாத்தீகளா!" என்று மலைச்சாமி கத்தினான். "எல்லாரும் கண்ணால பாத்தீகளா! இம்புட்டு நேரம் ஓடுது ஓடுதுன்னு சொன்னது இவ விரல் பட்டதும் நின்னு போச்சு. அப்பன் திருடுறான், மக அழிக்கிறா."

"பெரியப்பா, நான் மட்டுமில்ல, யாரு தொட்டாலும் மாறும். மோட்டார் நின்ன சேதி நேத்தே உள்ள வந்திருச்சு. திரைக்குத்தான் தெரியல."

"சேதி உள்ள இருக்குமாம், வெளிய தெரியாதாம். என்னடி இது, வயித்துப் பிள்ளையா?"

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள். அவள் தன் போனை எடுத்து, பெட்டி அனுப்பிய சேதி எல்லாம் நேரத்தோடு இருக்கிறது என்று காட்டப் போனாள். "அதையும் எழுதுனது நீதான?" என்று ஒரே வார்த்தையில் மலைச்சாமி அதை அடைத்துவிட்டான். அவள் கையில் இருந்த திரையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

சபைப் பெரியவர், சுருளியாண்டி சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும், அத்தோடு விட்டுவிடுவோம் என்றார். சூடத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்தியும்விட்டார்கள். என் தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணன் முகத்தப் பாத்துச் சொன்னது பத்தலைன்னா, சூடத்தப் பாத்துச் சொன்னா மட்டும் நம்பிருவாகளா? நான் அணைக்கல" என்றான்.

சூடம் தானே எரிந்து தீர்ந்தது. பயந்துகொண்டுதான் அணைக்கவில்லை என்று பேச்சாகிவிட்டது. தண்டனையாக ஒரு மாத முறையை விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். "மாசம் என்ன, முறையே வேண்டாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றோடு அந்தக் கிணற்றில் அவன் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லை.

மாரீஸ்வரி ஊரில் தலைகாட்ட முடியாமல் என்னோடு தேவதானப்பட்டிக்கு வந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. "அப்பா பேரு போயிருச்சு அத்தை. நான் எழுதுன எழுத்தால போச்சு. நான்தான் மீட்டுக் கொடுக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எனக்கும் விளங்கச் சொன்னாள்.

அவள் சொன்னது இது. திரையைத் தொட்டால் அந்த ஃபிரேம்வொர்க் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவரும். எதெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்த்து, மாறியதைத் திரையில் திருத்தும். ஆனால் மோட்டார் பெட்டியின் சேதி நாம் கேட்ட உடனே வருவதில்லை. நின்றதும் எங்களுக்குச் சொல் என்று சொல்லி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், அது தன் சௌகரியத்துக்கு நம்மைத் திருப்பிக் கூப்பிடும். அதற்குக் கால்பேக் என்று பெயர். அப்படி வருகிற சேதி, சுற்றுக்கு வெளியே வந்து சேர்கிறது. உள்ளே எழுதப்பட்டுவிடும். ஆனால் யாராவது திரையைத் தொட்டு அடுத்த சுற்று கிளம்பும்வரை பழைய எழுத்தே நிற்கும்.

"அப்ப நீ எழுதும்போது சரியா இருந்துச்சே ஆத்தா?"

"நான் சோதிச்சுப் பாக்கும்போதெல்லாம் தொட்டுத் தொட்டுத்தான அத்தை பாத்தேன். என் விரலே அந்தத் தப்ப மறைச்சிருச்சு. பெரியப்பா வீட்டுல ஒருத்தரும் தொடலயே."

விளக்கு வைக்கிற நேரத்தில் அய்யம்மாள் துடைப்பதைப் பற்றி நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டாள். சாயங்காலக் கரண்டில் அப்பன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பெரியம்மாவின் துணி பட்டு, ஓடுகிறது என்று மாறியிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அப்பன் நிறுத்தியது திரைக்கு ஏறவில்லை. அடுத்த நாள் முழுக்க மலைச்சாமி பழைய எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மறுபடி துணி படும்போதுதான் நின்றது என்று வந்திருக்கிறது.

பழனிசெட்டிபட்டிக்குப் போய் அதைச் சரிபண்ண உட்கார்ந்தாள். சேதி வந்தவுடன், இப்போதே ஒரு சுற்றுச் சுற்று என்று ஒரு வரி சேர்த்தாள். திரை தானாக மாறியது. ஆனால் பொத்தானை அழுத்திப் பார்த்தபோது, அழுத்திய சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்பே வந்து உள்ளே சேமித்திருந்த பழைய நிலவரம் கால்பேக்கில் உடனே வந்து விழுந்தது. ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்றா என்று அது தகராறு பண்ணிச் சிவப்பு எழுத்தைக் காட்டி நின்றுவிட்டது. சரி, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தால் சும்மா விட்டுவிடு என்று மாற்றி எழுதினாள். எல்லாம் நடந்தது. கூட வேலை பார்க்கிற எப்சிபாதான் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாளாம்.

"சும்மா விட்டா, எல்லா நேரமும் சரியா வரும், ஒரு நேரம் விட்டுப் போகும்டி. விட்டுப் போன சேதியாலதான உங்கப்பா மாட்டுனாரு. ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுலயும் விழக் கூடாது, பேசாமலும் போகக் கூடாது. வரிசையில நில்லு. அவங்க முடிச்சதும் சொல்லு."

அப்படியே செய்தாள். வந்த சேதியை வரிசையில் வைத்து, ஓடுகிற சுற்று முடிந்ததும் தவறாமல் திரைக்குச் சொல்லுகிற மாதிரி. அதற்கென்று அந்த ஃபிரேம்வொர்க்கிலேயே வழி இருந்திருக்கிறது. முதலிலேயே தெரியாமல் போனதே என்று போனில் அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமி வீட்டுக்குப் போனோம். நான் கூட வந்தால்தான் அவன் கதவைத் திறப்பான் என்று என்னையும் அழைத்தாள். டேப்லெட் பழைய இடத்தில் தொங்கியது. அவள் புதிதாக எழுதியதை அதில் ஏற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகத் தள்ளி நின்றாள். லீவுக்கு வந்திருந்த சூரியபிரகாஷைத் தோட்டத்துக்கு அனுப்பி, போனில் மோட்டாரைப் போடச் சொன்னாள். யாரும் தொடாமல் ஓடுகிறது என்று வந்தது. நிறுத்தச் சொன்னாள். நின்றது என்று வந்தது. பிறகு பழைய எழுத்தையே திரும்ப ஏற்றி, மறுபடியும் மோட்டாரைப் போடச் சொன்னாள். இந்த முறை திரை அசையவில்லை. அய்யம்மாளைத் துணியால் துடைக்கச் சொன்னாள். துடைத்தாள். மாறியது.

தோட்டத்திலிருந்து வந்த சூரியபிரகாஷிடம் சொன்னதும் அவனுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. "அப்பா, சித்தப்பா மேல தப்பே இல்லப்பா" என்றான்.

அய்யம்மாள் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். மலைச்சாமி மட்டும் திரையைப் பார்க்காமல் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, ஒரே ஒரு தடவ சபையக் கூட்டுங்க. இத அங்கன வச்சுக் காட்டுறேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

"பேசாம எப்படி இருக்கிறது? ஊரக் கூட்டி உக்கார வச்சு, நான் எந்தம்பிமேல பொய்ப் பழி போட்டேன்னு சொல்லணும். அதான உனக்கு வேணும்?"

"பொய்ன்னு சொல்ல வேண்டாம். தெரியாம நடந்து போச்சுன்னு சொல்லுங்க."

"தெரியாமச் சொன்னவன்னு பேரு எடுக்கிற வயசா எனக்கு?" என்றவன், சுவரிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி அவள் கையில் திணித்தான். "உன் சாமானத் தூக்கிக்கிட்டுப் போ. இது வராத காலத்துல நாங்க நல்லாத்தான் இருந்தோம்."

அவள் அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

சுருளியாண்டியின் கீழப்பங்கு காய்ந்தது. தென்னை மட்டை மட்டையாகத் தொங்கியது. மாரீஸ்வரி, தான் எழுதியதில் இருந்த தப்பு எது, அது எப்படிச் சரியானது என்று அவனுக்கு உட்கார்ந்து சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். "எனக்கு எதுக்குத்தா சொல்ற? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். எங்கேயாவது போர் போடலாம் என்றாள், வேண்டாம் என்றான். பழனிசெட்டிபட்டிக்கு வாருங்கள் என்றாள், ஓடிப்போனதாகச் சொல்வார்கள் என்றான். ஊரும் சும்மா இருக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்தால், எவனாவது பின்னால் வந்து தோளில் ஒரு விரலை வைத்து, "நின்னுருச்சா மாமா?" என்பான். பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அவனும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டான். பிறகு கோயிலுக்கும் போகவில்லை. அடுத்த மாசியில் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிணத்தைக் குளிப்பாட்டுவதற்குப் பங்காளிகள் மேளத்தோடு போய் நீர்நிலையிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். நீர்மாலை என்போம். எங்கள் வீட்டில் யார் செத்தாலும் அந்தக் கிணற்றில்தான் நீர்மாலை. அய்யாவுக்கு அங்கேதான், ஆத்தாவுக்கும் அங்கேதான். ஆண்பிள்ளை இல்லாததால் சூரியபிரகாஷ் கொள்ளி வைப்பது என்று முடிவாகி, அவன் ஈர வேட்டியோடு நின்றான். மலைச்சாமி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "எந்தம்பீ" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "கிணத்துக்குக் கிளம்புங்கப்பா" என்றான்.

மாரீஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

"கிணத்துக்கு வேண்டாம்."

"பொம்பளப் பிள்ள இதுல பேசக் கூடாதுத்தா" என்று சபைப் பெரியவர் அதட்டினார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மலைச்சாமி கிட்டே போனாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளுக்கு மட்டும் சொன்னான். பக்கத்தில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது.

"தெரியும்த்தா. நீ வந்து காட்டுன அன்னைக்கே தெரியும். அவன் மேல தப்பு இல்ல."

"எனக்குச் சொல்லாதீங்க பெரியப்பா. சபையே இங்கனதான் நிக்குது. அவுகளுக்குச் சொல்லுங்க."

"இழவு வீட்டுல வச்சா? அவனே போயிட்டான். இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது?"

"ஏலே மலைச்சாமி" என்றேன் நான். "சொல்லுடா. சத்தமாச் சொல்லு."

அவன் சுற்றிப் பார்த்தான். அவ்வளவு பேரும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தான். பிறகு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அழுதால் போதும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"அப்படின்னா அந்தக் கிணத்துத் தண்ணி எங்கப்பா மேல படக் கூடாது" என்றாள் மாரீஸ்வரி. அவள் அழவில்லை.

மேளக்காரர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். சூரியபிரகாஷ் தன் அப்பனை ஒரு தரம் பார்த்தான். பிறகு குனிந்து குடத்தை எடுத்துக்கொண்டு, கிணற்றுக்குப் போகும் பாதையை விட்டுவிட்டுத் தெருமுனை ஊராட்சிக் குழாயைப் பார்த்து நடந்தான். கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டு மூன்று பேர் பின்னால் போனார்கள். மேளமும் போனது.

குழாயில் எடுத்த நீர்மாலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தண்ணீர் நூலாக வந்தது. குடிக்கப் பிடிக்க வந்த பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். குடம் நிறைய வெகுநேரம் ஆனது. அதுவரைக்கும் மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே நின்றார்கள்.